வராந்தாவில் படித்த எபிரேயம்

ஒரு பாஷையை அதன் எழுத்தைக் கண்ணால் பார்க்காமலே ஆறு மாதம் படித்தவள் எங்கள் பக்கத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது. வயதானால் கோபம் ஆறிவிடும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை.

நாகர்கோவிலை அடுத்த ஒரு மிஷன் பெண்பள்ளிக்கூடத்தில் ஏழு வருஷமாக மேல்வகுப்புக்கு வேதபாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பதினாலு பதினைந்து வயதுப் பெண்கள். சொன்னதைக் கேட்டுத் தலையாட்டுகிற ரகம் இல்லை. தம்பியைக் கொன்ற காயீனைக் கர்த்தர் முதலிலேயே தடுத்திருந்தால் என்ன என்று கேட்பார்கள். பதில் தெரியாமல் நான் முழிப்பேன், அவர்களுக்குச் சிரிப்பு வரும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற நேரமெல்லாம் தையலும் கணக்கும் சொல்லிக்கொடுத்துப் பொறுத்துக்கொண்டிருந்தேன். தையல் எனக்கு அறவே ஆகாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு புது விதி வந்தது. மேல்வகுப்புக்கு வேதபாடம் எடுக்கிறவர்கள், சபை ஊழியத்துக்கு உபதேசிமாரைப் பழக்குகிற பள்ளியில் ஒரு வருஷ எபிரேய வகுப்பை முடித்திருக்க வேண்டும். பழைய ஏற்பாடு முதலில் எழுதப்பட்ட பாஷை தெரியாதவர்கள் அதைக் கற்பிக்கக் கூடாதாம். நியாயமான விதிதான். ஆனால் அந்தப் பள்ளியில் அதுவரை ஒரு பெண்ணும் படித்ததில்லை. நான் படிக்காவிட்டால் என் வகுப்பு ஒரு ஆணுக்குப் போகும், எனக்குத் தையல் மிஞ்சும். இதை எங்கள் தலைமையாசிரியையான வெள்ளைக்கார மிசியம்மா ஒளிக்காமல் சொன்னார். சொல்லிவிட்டு, எனக்கு இடம் கேட்டு அந்தப் பள்ளிக் கமிட்டிக்குக் கடிதமும் எழுதினார்.

இரண்டு மாதம் பதில் இல்லை. பிறகு நேரில் வரச்சொல்லி ஆள் வந்தது. பள்ளி தோவாளைப் பக்கம் ஒரு கிராமத்தில், ஓட்டுக் கட்டிடம். கமிட்டியில் ஐந்து பேர். பெரியவர் ஒரு கருப்பட்டி மொத்த வியாபாரி, எல்லோருக்கும் அண்ணாச்சி. எபிரேயம் கற்பிக்கிற போதகரும் ஓரமாக உட்கார்ந்திருந்தார். எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவது, அதனால் நானும் இங்கே ஐயர் என்றே சொல்கிறேன்.

பெண்ணுக்கு எபிரேயம் எதற்கு, மூளைக்கு எட்டுமா, கல்யாணம் எப்போது என்றெல்லாம் கேட்பார்கள் என்று எதிர்பார்த்து, பஸ்ஸிலேயே பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றையும் கேட்கவில்லை.

"டீச்சர் படிக்கதுல எங்களுக்கு ஒரு விரோதமும் இல்ல" என்றார் அண்ணாச்சி. "எங்க இருப்பிய? அதாக்கும் கேள்வி."

"பெஞ்சில இருப்பேன்."

"பெஞ்சில ஆம்பிளயள்லா இருக்கானுவ."

"தனியா ஒரு பெஞ்சு போடுங்க."

"முன்னால போட்டா அவனுவ உங்களப் பாப்பானுவ. பின்னால போட்டா நீங்க அவனுவளப் பாப்பிய. பக்கத்துல போட்டா ரெண்டு பேரும் பாப்பிய. எங்க போடதுக்கு?"

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. எங்கள் சபைக் கோயிலில் ஆண்கள் வலப்புறம், பெண்கள் இடப்புறம், நடுவே நடைபாதை. பிறந்ததிலிருந்து அப்படித்தான் உட்கார்ந்து பழக்கம். வகுப்பறையில் நடைபாதை இல்லை, நடைபாதை விட இடமும் இல்லை. ஆகவே ஒரு பெண்ணை எங்கே வைப்பது என்று அந்த ஐந்து பேருக்கும் மெய்யாகவே தெரியவில்லை. இதற்காக மூன்று கூட்டம் கூடியிருக்கிறார்கள். பரலோகத்தில் எப்படி உட்காருவோம் என்று யோசித்திருக்கிறார்களா என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். வகுப்பு வேண்டும் அல்லவா.

கடைசியில் அண்ணாச்சியே வழி கண்டார். கிழக்கு வராந்தாவில், வகுப்பின் சன்னலுக்கு வெளியே, சுவரை ஒட்டி ஒரு மரபெஞ்சு. சன்னல் கதவு மேல்பாதி கீழ்ப்பாதி என்று இரண்டாகத் திறக்கிற மாதிரி. கீழ்ப்பாதியைச் சாத்தி ஆணி அடித்துவிடுவது. மேல்பாதி வழியாக ஐயருடைய குரல் வரும். யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை.

நான் சரி என்றேன். வந்தவரைக்கும் லாபம், உள்ளே போவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நான் செய்த தப்பு இதுதான்.

சனிக்கிழமைதோறும் வகுப்பு. தோவாளைக்குக் காலிக்கூடைகளோடு திரும்புகிற பூக்காரிகளோடு பஸ்ஸில் போவேன். கூடையில் பூ இருக்காது, வாசம் மட்டும் இருக்கும். இறங்கி ஒரு மைல் நடந்து போய் என் பெஞ்சில் உட்காருவேன். தலைக்கு மேலே சன்னல். நிமிர்ந்து பார்த்தால் வகுப்பின் உத்திரமும் நாலு வரிசை ஓடும் தெரியும். எழுந்து நின்றால் கரும்பலகை தெரியும்தான். ஆனால் நிற்கிற நிமிஷத்தில் உள்ளே இருக்கிற முப்பது முகமும் என் பக்கம் திரும்பும். நிற்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

ஐயருக்குக் கோயில் மணி போன்ற குரல். ஒரு வசனத்தை மூன்று முறை சொல்வார், முப்பது பேரும் சேர்ந்து திருப்பிச் சொல்வார்கள், பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள். நான் கேட்டதைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதிக்கொள்வேன். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வராந்தாவில் புகுந்து பாதி வார்த்தைகளைக் கொண்டுபோய்விடும். கொண்டுபோனதை வீட்டில் யோசித்து நிரப்புவேன். அச்சிட்ட எபிரேயப் புத்தகம் இரண்டு பேருக்கு ஒன்று என்று உள்ளேயே தீர்ந்துவிட்டது. மதராஸிலிருந்து அடுத்த கட்டு வரும்போது எனக்கு ஒன்று என்றார்கள். அந்தக் கட்டு வரவே இல்லை.

எழுத்தை யாரிடமாவது கேட்டு எழுதி வாங்கியிருக்கலாமே என்று பிறகு பலர் என்னிடம் கேட்டார்கள். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கையேந்தி நின்று ஒவ்வொரு எழுத்தாக வாங்குவதா என்று வீம்பு. காதால் கேட்டதையெல்லாம் மனப்பாடம் பண்ணினேன். இரண்டு அதிகாரம் தலைகீழாகச் சொல்லுவேன்.

அரைவருஷப் பரீட்சை வந்தது. எனக்கு மட்டும் வராந்தாவிலேயே ஒரு மேஜை போட்டு, ஐயரும் கமிட்டிக்காக அண்ணாச்சியும் வெளியே வந்து உட்கார்ந்தார்கள். ஐயர் தம்முடைய புத்தகத்தைத் திறந்து என் முன்னால் வைத்து, "வாசி மக்ளே" என்றார். அண்ணனுக்குப் பயந்து ஓடிப்போன ஒருவன், இருட்டிப்போன இடத்தில் ஒரு கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்த கதை. எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. விரலை வரியின் மேல் வைத்து நகர்த்திக்கொண்டே, ஒரு சொல் பிசகாமல், ஐயருடைய ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். அண்ணாச்சி வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். ஐயர் முகம் மட்டும் ஏதோ போல இருந்தது. முடித்ததும் கேட்டார்:

"நீ எங்கிருந்து வாசிக்க?"

"இங்கிருந்துதான் ஐயரே." இடப்பக்க ஓரத்தைக் காட்டினேன்.

அவர் என் விரலைத் தொடாமல், தம் விரலை வலப்பக்க ஓரத்தில் வைத்தார். "தொடக்கம் இங்கயாக்கும்" என்று மெதுவாகச் சொன்னார்.

எபிரேயம் வலமிருந்து இடமாகப் போகிற எழுத்து. எனக்கு அது தெரியாது. ஆறு மாதம் படித்திருக்கிறேன், தெரியாது. உள்ளே எல்லோருக்கும் முதல் நாளே கரும்பலகையில் காட்டியதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை. சன்னலுக்கு அந்தப் பக்கம் ஒருவன் சிரித்தான். பிறகு முப்பது பேரும் சிரித்தார்கள்.

நான் அழவில்லை. கத்தினேன். "ஆறு மாசமா உங்க உத்திரத்தத் தவிர எனக்கு என்னத்தக் காட்டுனிய? கண்ண மூடிக் கட்டிட்டு, வாசி வாசின்னா நான் எங்க வாசிக்க?" என்று கத்தினேன். வேறும் என்னென்னவோ சொன்னேன், எல்லாம் ஞாபகமில்லை. அழுதிருந்தால் ஒருவேளை மனமிரங்கி உள்ளே கூப்பிட்டிருப்பார்கள். கத்துகிறவளை யாரும் உள்ளே கூப்பிடுவதில்லை.

ஐயர் வெட்கப்பட்டார். மெய்யாகவே வெட்கப்பட்டார், முகம் சிறுத்துப்போயிற்று. அடுத்த சனிக்கிழமையிலிருந்து ஒரு சிலேட்டில் எழுத்துகளைப் பெரிதாக எழுதி, வகுப்புக்கு முன்னால் வராந்தாவுக்குக் கொண்டுவந்து தருவார். தம் புத்தகத்தையும் என்னிடமே விட்டுவிட்டார். என்னை உள்ளே உட்காரவைக்கக் கமிட்டியிடம் கேட்டும் பார்த்தாராம். அண்ணாச்சி, "ஆறு மாசம் கழிஞ்சுது, இன்னும் ஆறு மாசம்தானே ஐயரே" என்றாராம். அதற்கு மேல் ஐயர் வற்புறுத்தவில்லை. நல்ல மனுஷர். நல்ல மனுஷர்கள் எல்லோரும் இவ்வளவோடு நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

எழுத்துகளை ஒரு மாதத்தில் படித்து முடித்தேன். கோபத்தில் படித்தால் சீக்கிரம் வரும் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

வருஷக் கடைசியில் ஒவ்வொருவரும் ஒரு எபிரேயச் சொல்லை எடுத்துக்கொண்டு, அது வேதத்தில் எங்கெங்கே எப்படி வருகிறது என்று கட்டுரை எழுத வேண்டும். உள்ளே இருந்தவர்கள் கிருபை, உடன்படிக்கை, இரத்தம் என்று பிரசங்கத்துக்கு உதவுகிற சொற்களாகப் பார்த்து எடுத்தார்கள். நான் மாகோம் என்ற சொல்லை எடுத்தேன். மாகோம் என்றால் இடம்.

"அது சாதாரணச் சொல்லுல்லா மக்ளே" என்றார் ஐயர். "வீட்டுல பெருக்குக வாரியல் வைக்க இடத்துக்கும் அதுதான் சொல்லு. அதுல உபதேசம் ஒண்ணும் கிடையாது."

"எனக்கு அதுதான் வேணும் ஐயரே."

வீம்புக்குத்தான் எடுத்தேன். ஆனால் எடுத்த பிறகு விட முடியவில்லை. ஐயரிடம், எபிரேயச் சொற்கள் வேதத்தில் வருகிற இடத்தையெல்லாம் தொகுத்த ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் இருந்தது. அதை இரவல் வாங்கிவந்து, மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து ஒவ்வொரு இடமாகத் தேடி, பழைய பரீட்சைத்தாள்களைச் சீட்டுகளாகக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதிச் சரட்டில் கோத்தேன். நம் தமிழ் வேதத்தில் அந்தச் சொல் ஒரு இடத்தில் இடம் என்றும் இன்னொரு இடத்தில் ஸ்தலம் என்றும் வேறு வேறு உடுப்புப் போட்டு வரும். அதனால் தமிழில் மட்டும் படிக்கிறவர்களுக்கு இது ஒரே ஆள்தான் என்று தெரியாது. மேல்வகுப்புப் பெண்கள் இரண்டு மூன்று பேர் சாப்பிட்ட கையோடு வந்து சுற்றி நின்று சீட்டுகளை வாங்கி வாசிப்பார்கள்.

கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்தவன் கதையில் அந்தச் சொல் சில வரிக்குள் திரும்பத் திரும்ப வருகிறது. அவன் தூங்கி எழுந்து ஒரு பெயர் வைக்கும்வரை அது வெறும் இடம்தான். அப்படிப்பட்ட இடத்தில்தான் கர்த்தர் இருந்திருக்கிறார், எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று அவன் பயப்படுகிறான். ராஜாவின் பந்தியில் ஒரு வாலிபன் உயிருக்குப் பயந்து வராமல் போனபோது, அவன் இருக்கை காலியாகக் கிடந்தது என்கிற இடத்திலும் மாகோம்தான். குஷ்டம் பிடித்த சேனைத்தலைவன், தீர்க்கதரிசி வெளியே வந்து புண்ணின்மேல் கையை அசைப்பார் என்று எதிர்பார்த்தானே, அந்தப் புண் இருந்த இடமும் அதே சொல். உடம்பில் நோகிற இடத்துக்கும் விருந்தில் உட்காருகிற இடத்துக்கும் ஒரே பேச்சு.

எல்லாவற்றையும் இழந்து குப்பைமேட்டில் உட்கார்ந்தவர், பூமி தம் இரத்தத்தை மூடிவிடக் கூடாது, தம் கூக்குரலுக்கு அடங்கிக் கிடக்க ஒரு இடம் கிடைக்கக் கூடாது என்று கேட்கிறார். அதை எழுதிய அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாமெல்லாம் இடம் வேண்டும் என்று கேட்கிறோம். அவர் தம் கூக்குரலுக்கு இடமே வேண்டாம் என்கிறார், இடம் கிடைத்தால் அது அங்கேயே அடங்கிப்போகுமே என்று. அந்த மனுஷரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

பிற்காலத்து யூத வேதகுருமாரான ரபிமார் தேவனுக்கே இந்தச் சொல்லைப் பெயராக வைத்து, அவரை இடம் என்று கூப்பிட்டார்களாம். ஐயர் சன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று இதைச் சொன்னபோது அவருடைய குரலே இளகிவிட்டது. வராந்தாவில் உட்கார்ந்து கேட்ட எனக்கு ஒன்றும் இளகவில்லை. தேவன் இடமாகவே இருக்கட்டும், எனக்கு ஒன்றரை முழம் பெஞ்சு உள்ளே கிடைக்கவில்லையே என்றுதான் இருந்தது.

என் கையில் கடைசியாகச் சிக்கியவை இரண்டு சீட்டுகள். கட்டளைகளைச் சொல்கிற நியாயப்பிரமாணப் புத்தகம் ஒன்றில், கர்த்தர் தெரிந்துகொள்ளும் இடத்தில் போய்த் தொழ வேண்டும் என்று பல முறை சொல்லியிருக்கிறது. தேவாலயத்தைப் பற்றிய பேச்சு. அதே புத்தகத்தில் கொஞ்சம் தள்ளி, எஜமானிடமிருந்து தப்பி ஓடிவந்த அடிமையைப் பற்றி ஒரு கட்டளை. அவனைப் பிடித்துக் கொடுக்கக் கூடாது, உன் ஊர்களில் அவன் தெரிந்துகொள்ளும் இடத்தில் உன்னோடே இருக்கட்டும் என்று. எபிரேயத்தில் பார்த்தால் இரண்டிலும் ஒரே வாசகம். தேவன் தமக்கு இடம் தெரிந்துகொள்ளுகிற வார்த்தையாலேயே ஓடிவந்த அடிமையும் தனக்கு இடம் தெரிந்துகொள்ளுகிறான். மற்றவர்கள் கூட்டம் கூடி அவனுக்கு இடம் பார்த்து வைப்பதில்லை.

இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் சபைகளில் உட்கார்ந்திருக்கிற நாங்கள் யார்? மூன்று தலைமுறைக்கு முன்னால் ராஜபாட்டையில் நடக்க இடமில்லாதவர்கள். எங்கள் பெண்கள் மாரை மறைத்து மேல்சேலை போட்டதற்காகச் சந்தையில் அடி வாங்கியவர்கள். அண்ணாச்சிக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும், சபைக் கூட்டங்களில் கண்ணீரோடு பேசுவார். அவர்தான் சன்னலுக்கு ஆணி அடித்தவர். இதையெல்லாம் கட்டுரையில் எழுதினேன். ஆணியை மட்டும் எழுதவில்லை. வாசிக்கிறவர்களுக்குப் புரியும் என்று விட்டுவிட்டேன்.

நல்ல கட்டுரைகளைக் கமிட்டி முன்னால் வாசிக்கிற வழக்கம் உண்டு. அந்த வருஷம் முதலாவது வந்தது என்னுடையது. உள்ளே வந்து நான் வாசிக்க முடியாதென்பதால் ஐயர் வாசித்தார். நான் என் பெஞ்சில் உட்கார்ந்து என் கட்டுரையைக் கேட்டேன். அந்தக் குரலில் கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது. அடிமையின் இடம் வந்தபோது உள்ளே ஒரு சத்தமும் இல்லை. சரி, தைத்துவிட்டது என்று நினைத்தேன். இப்போது யாராவது எழுந்து வந்து கதவைத் திறந்து, உள்ளே வாங்க டீச்சர் என்பார்கள் என்று நிச்சயமாக நம்பினேன். சேலையைக்கூடச் சரிப்படுத்திக்கொண்டேன்.

அண்ணாச்சியின் குரல் கேட்டது. "கொள்ளாம். ரொம்பக் கொள்ளாம், அருமையா எழுதியிருக்கு. நாம இதுவர யோசிக்கல்ல. ஒரு வருஷமா அந்தப் பிள்ள அந்த ஆடுக மரபெஞ்சுல இருந்திருக்கு. அண்ணைக்குக் கத்துனதுக்குப் பொறவு வாய் தொறந்து கேக்காம, இடம் இடம்னு ஒரு கட்டுரையே எழுதியிருக்கு. கண்டிப்பா நல்லதா ஒரு இடம் செஞ்சு குடுக்கணும்."

எல்லோரும் ஆமோதித்தார்கள். கைதட்டினார்கள். ஐயர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். கைதட்டல் ஓய்ந்ததும் அவர் ஜெபம் பண்ணிக் கூட்டத்தை முடித்தார்.

கட்டுரைக்கு அப்படி ஒரு பொருள் இருக்கும் என்று எழுதிய எனக்கே தெரியாது. சிரிக்கவா அழவா என்று தெரியாமல் பஸ் ஏறினேன்.

நான் தேறினேன். மேல்வகுப்பு என்னிடமே இருந்தது. அந்த வெற்றியை நான் குறைத்துச் சொல்லவில்லை. பெண்கள் வகுப்பில் ஆரவாரம் பண்ணினார்கள், மிசியம்மா என்னைக் கட்டிக்கொண்டார். அடுத்த வருஷம் வேறு இரண்டு மிஷன் பள்ளிகளிலிருந்து இரண்டு பெண்கள் எபிரேயம் படிக்கக் கேட்டார்கள். இந்தத் தடவை கமிட்டி மூன்று கூட்டம் கூடவில்லை. ஒரே நாளில் அனுமதி கொடுத்துவிட்டார்கள். எங்கே உட்காருவது என்ற கேள்விதான் தீர்ந்துவிட்டதே.

வகுப்புத் தொடங்குகிற சனிக்கிழமை என்னையும் அழைத்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் வராந்தாவில் மரபெஞ்சு இல்லை. கல்வேலைக்குப் பேர்போன மயிலாடியிலிருந்து கொண்டுவந்த ஒரு கல்பெஞ்சு. அருமையான வேலை, குறை சொல்ல முடியாது. இரண்டு கால்களிலும் தாமரைமொட்டுச் செதுக்கி, பலகைக்கல்லைக் கண்ணாடி போல் தேய்த்து, முன்விளிம்பில் ஸ்திரீகள் இடம் என்று எழுத்து வெட்டி, தரையைத் தோண்டிச் சுண்ணாம்பு போட்டு நட்டிருந்தார்கள். அண்ணாச்சி தம் சொந்தச் செலவில் செய்தது. பார்க்கிறவர்களிடமெல்லாம் கல்லைத் தட்டிக் காட்டினார். "இனி ஆயுசுக்கும் ஆடாது டீச்சர்" என்றார். அவர் கண்ணில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது என்னால் கோபப்படக்கூட முடியவில்லை, அதுதான் பெரிய கொடுமை. ஒருவன் வேண்டுமென்று உதைத்தால் திருப்பி உதைக்கலாம். ஆசையாகச் செய்கிறவரை என்ன செய்வது?

ஐயர் ஜெபம் செய்தார். சுக்குக்காப்பி கொடுத்தார்கள். மணி அடித்தது, ஆண்கள் உள்ளே போனார்கள், வகுப்பு தொடங்கியது. இரண்டு பெண்களும் கல்பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து மடியில் வைத்தார்கள். ஒருத்திக்கு இருபது வயது இருக்கும், மற்றவள் அவளைவிடச் சின்னவள். நான் குனிந்து மெதுவாகச் சொன்னேன்:

"இங்க இருந்தா எழுத்து தெரியாது. நான் பட்டது போரும். எழும்புங்க, மூணு பேருமா உள்ள போவோம். மூணு பேரு போனா என்ன செய்வாங்க?"

சின்னவள் பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் நோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் அக்கா" என்றாள். "எங்க வீட்டுல, உள்ள ஆம்பிளயளுக்க கூட இருக்கணும்னா விட்டிருக்க மாட்டாங்க. வெளிய தனி இடம் இருக்குன்னு சொல்லித்தான் விட்டாங்க. உங்களாலதான் எங்களுக்கு இது கெடச்சுது. இதையும் கெடுத்துராதீங்க அக்கா."

கெஞ்சினாள். என்னை எதிர்க்கவில்லை, மரியாதைக் குறைவாக ஒன்றும் பேசவில்லை. அவள் சொன்னதில் பொய்யும் இல்லை. இவர்களைக் கூட்டிக்கொண்டு போக முடியாவிட்டால் நானாவது போகிறேன் என்று ஒரு வேகம் வந்தது. வராந்தாவைச் சுற்றிப் போய் வகுப்பின் வாசலில் நின்றேன். ஒரு வருஷம் வந்தும் அந்த வாசலில் நான் நின்றதே இல்லை. கரும்பலகையில் முதல் எழுத்துகளை ஐயர் பெரிதாக எழுதி, வலமிருந்து இடமாக ஒரு கோடு இழுத்து வைத்திருந்தார். முப்பது முகமும் என் பக்கம் திரும்பின. நான் உள்ளே ஒரு அடி வைத்தேன்.

ஐயர் சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். அவருக்கு என் மேல் பிரியம் உண்டு, அந்தப் பிரியத்தோடேதான் கேட்டார்.

"என்ன மக்ளே? நீ படிச்சுத் தேறியாச்சே. இனி உனக்கு இங்க என்ன காரியம்?"

படிக்கிறவளாக இருந்தபோது கேட்டிருக்க வேண்டிய இடம் அது. அப்போது நான், ஒரு நாள் கத்தியதைத் தவிர, பரீட்சையைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது, வகுப்பு போய்விடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். இப்போது எனக்கு அந்த அறையில் கேட்பதற்கு ஒரு உரிமையும் இல்லை. ஒன்றுமில்லை ஐயரே என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

வராந்தாவில் அந்த இரண்டு பெண்களும் தலையைக் குனிந்து, மேலே சன்னலிலிருந்து வந்த குரலைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் சின்னவள் சட்டென்று ஓரத்துக்கு நகர்ந்து, தன் பக்கத்துக் கல்லை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"இரிங்க அக்கா" என்றாள்.

உட்கார்ந்தேன்.